போத்தலின் கழுத்தில் ஒரு சீட்டு

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையில், தீப்பட்ட என் வலது கையில் சுற்றியிருந்த வாழையிலையை உரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த யோசனை வந்தது. வலி தாங்காமல் கண்ணை எங்காவது வைக்க வேண்டியிருந்தது. எதிரே அலமாரியில் ஒரு நீலப் போத்தல். அதன் கழுத்தில் நூலால் கட்டிய சிவப்புச் சீட்டு: ‘மேலுக்குப் பூச மட்டும். குடிக்கக் கூடாது.’ தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என்று நான்கு பாஷையிலும் எழுதி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அடியில் ஒரு மண்டையோடும் வரைந்திருந்தார்கள்.

“அதுல என்ன மருந்து அண்ணே?” என்று கட்டுப் போடுபவரைக் கேட்டேன்.

“ஒண்ணும் இல்லம்மா. வெறும் போத்தல். மருந்து தீந்து வருஷம் ஒண்ணு ஆச்சு. கையை ஆட்டாதே.”

ஆட்டாமல் எப்படி இருப்பது? எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருந்தது. உள்ளே ஒன்றுமில்லாத போத்தலுக்கு நான்கு பாஷையில் எச்சரிக்கை! என் கையை எரித்த போத்தலில் இருந்த ஒரே எழுத்து, முன்பு அதில் இருந்த கிச்சாப்பின், அதாவது சோயாச் சாற்றின், பெயர். கறுப்புச் சாறு தீர்ந்து, போத்தலைக் கழுவி, ரப்பர் எண்ணெயை ஊற்றி விற்றார்கள். ஒட்டியிருந்த தாளில் ஒரு மீன் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

ஏன் அந்தப் போத்தலுக்கும் ஒரு சீட்டுக் கட்டக் கூடாது?

இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. அதுதான் அந்த வருஷத்தில் பெரிய கஷ்டம். ஜப்பான்காரன் வந்து மூன்றாவது வருஷம். நான் படித்த பள்ளிக்கூடத்தில் பட்டாளம் குடியேறியிருந்தது. கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு தோட்டத்தில், மலாய்க் கிராமத்துக் கம்பத்தில், சொந்தக்காரர் வீட்டில் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீட்டு வரிசையில் எங்கள் வீட்டில் அப்பாவும் அண்ணனும் நானும் இருந்தோம். பிறகு ஒரு நாள் பாசாருக்குச் சாமான் வாங்கப் போன அண்ணனை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாமுக்கு, ரயில் பாதை போட. அவன் கையில் கீரைக்கட்டு இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வேறு தகவல் இல்லை.

அண்ணன் போன மறுநாளிலிருந்து நான் தினமும் சாயங்காலம் சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்ற ஆரம்பித்தேன். அதற்கு முன் வெள்ளிக்கிழமை மட்டும்தான். பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தாள். அவள் புருஷனையும் அதே மாதத்தில்தான் கொண்டுபோனார்கள். “தெனமும் ஏத்து. நாம போய் அமத்துற வரைக்கும் அது அவியக் கூடாது. திரி மங்குற மாதிரி இருந்தா உடனே எண்ணெய் விடு. எரிய எரியத்தான் விடணும், புரியுதா?” எனக்குப் புரியாமல் என்ன? எங்கள் வீடுகளில் எல்லாரும் செய்வது அது. எரிகிற விளக்கில் எண்ணெய் வார்ப்பது, அடுப்பிலிருக்கும் பானையில் தண்ணீர் விடுவதுபோல, கை தானாகச் செய்யும் வேலை.

தேங்காயெண்ணெய் கிடைத்தவரை அதில் ஒரு தொந்தரவும் இல்லை. அது தீர்ந்துகொண்டே வந்தது. எண்ணெய் வைத்திருந்த சிகரெட் டின்னில் அடியொட்டி இருந்த கடைசிச் சொட்டுகளை ஊற்றிய அன்றைக்குப் பொழுது சாயும் நேரம் திரி மங்கியது. அப்பா வேலைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ரயில் யார்டில் பெட்டிகளை இணைக்கும் வேலை. நான் ஓடிப்போய், அக்கா புழங்குகிற அதே ரப்பர் எண்ணெயை, அன்று காலைதான் வாங்கிவைத்திருந்த மீன் படம் போட்ட போத்தலை எடுத்தேன். அக்கா மாதக்கணக்கில் அதைத்தான் தகர விளக்கில் ஊற்றி அடுப்பங்கரையில் வைக்கிறாள். விளக்கெண்ணெய் என்றால் விளக்கெண்ணெய்தானே?

பழைய ரப்பரை டிரம்மில் போட்டுக் காய்ச்சி, ஆவியைக் குழாயில் பிடித்து இறக்குகிற எண்ணெய் அது. தண்ணீராட்டம் இருக்கும். லோரிகூட அதில் ஓடும். லோரி ஓட்டுகிற ஒன்றை நான் எரிகிற சுடரின் மேல் சாய்த்தேன்.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. துணியை உதறினால் வருமே, அப்படி ஒரு சத்தம். தீ எண்ணெயின் தாரையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போத்தலுக்கு வந்தது. போத்தலிலிருந்து என் கைக்கு வந்தது. விளக்கு சாய்ந்து உருண்டது. அப்பா சாக்கைப் போட்டு என்னை அமுக்கினார். எல்லாம் முடிந்து பார்த்தபோது என் இடது புருவம் இல்லை. வலது கை என்னுடையது மாதிரியே இல்லை. சாமி படத்துக்கு முன்னால் இருட்டாக இருந்தது.

அக்கா ஓடிவந்தாள். என் கையைப் பார்த்து அழுதாள். பிறகு கவிழ்ந்து கிடந்த விளக்கைப் பார்த்தாள்.

“அய்யோ, வெளக்கு அவிஞ்சிருச்சே,” என்றாள். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. ஆனால் அப்பா காதில் அது விழுந்தது. அவர் கையிலிருந்த சாக்கு கீழே நழுவியதை நான் பார்த்தேன்.

அடுத்த நாள் அப்பா விளக்கைத் துடைத்து, பழைய பேப்பரில் சுற்றி, கட்டிலுக்கடியில் வைத்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் அண்ணனின் வெள்ளைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வந்தால் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் வாரம் தவறாமல் துவைத்து மாட்டுவது. அதை எடுத்து மடித்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். இறந்தவர்களின் துணியைத்தான் அப்படி மடிப்பார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சே நின்றுபோனது. அப்பா வேலைக்குப் போவார், வருவார், மரவள்ளிக் கிழங்கை எனக்கு உரித்து வைத்துவிட்டுத் தான் பாதி தின்று எழுந்துவிடுவார். நான் பகல் முழுவதும் தனியாக உட்கார்ந்து இடது கையால் எழுதிப் பழகினேன். எழுத்துகள் குடித்தவன் நடக்கிறதுபோல வந்தன. வலது கையில் சின்ன விரலும் மோதிர விரலும் உள்ளுக்கு மடங்கி ஒட்டிக்கொண்டன. அவற்றை நீட்ட முயன்றுகொண்டே அண்ணனின் நோட்டுப் புத்தகத்தைப் படிப்பேன். அண்ணன் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. வக்கீல் சொல்வதையெல்லாம் தனக்குத் தமிழில் எழுதிவைத்துக்கொள்வான். ஒரு பக்கத்தில் பென்சிலால் இப்படி இருந்தது: ‘ஆபத்துள்ள சாமானை விற்கிறவன் அதைச் சொல்லி விற்க வேண்டும். சொல்லாமல் விற்று வாங்கினவனுக்குக் காயம் பட்டால் வாங்கினவன் கேட்கலாம். தெரியாது என்றால் மட்டும் தப்ப முடியாது. தெரிந்துகொண்டிருக்க வேண்டியதா என்று கோர்ட் பார்க்கும்.’

கேட்கலாம்! அந்த வார்த்தையின் கீழ் அவன் கோடு போட்டிருந்தான். எனக்கு அவனே பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதுபோல இருந்தது. என்ன கேட்பது என்பதிலும் எனக்குக் குழப்பம் இல்லை. மருந்துச் செலவு வேண்டாம், அரிசி வேண்டாம். ‘குற்றம் எண்ணெயில்தான்’ என்று விற்றவர் அப்பாவின் முன்னால் வந்து சொல்ல வேண்டும். எண்ணெயின் குற்றம் என்றால் அது சகுனம் இல்லை. சகுனம் இல்லையென்றால் அண்ணன் சட்டையை மறுபடி மாட்டலாம்.

ஆஸ்பத்திரியில் சிவப்புச் சீட்டைப் பார்த்தது அந்தச் சமயத்தில்தான். அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன்.

கடைக்காரரை எல்லாரும் நானா என்று கூப்பிடுவோம். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம்; அவர்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். போருக்கு முன் துணிக்கடை வைத்திருந்தவர். இப்போது துணி அலமாரிகளில் கிச்சாப் போத்தல்கள் வரிசையாக நின்றன. என் கட்டைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

“ஆஸ்பத்திரிக்குப் போனியா புள்ள? என்ன சொன்னாங்க?”

“நானா, நீங்க வித்த எண்ணெயில கை எரிஞ்சிது. எங்க அப்பாகிட்ட வந்து அதைச் சொல்லணும்.”

“நான் என்னத்தச் சொல்ல? இதே எண்ணெயத்தான் இந்த வரிசை பூரா எரிக்குது. உன் பக்கத்து வீட்டுக்காரி எரிக்கிறா. யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சா? நீ என்ன பண்ணுனியோ.”

“நான் வெளக்குல ஊத்தினேன். வெளக்கெண்ணெயை வெளக்குல ஊத்தாம தலையிலயா ஊத்துவாங்க?”

“வாய் மட்டும் எரியல, பாரு,” என்றார். பிறகு தாம் சொன்னதற்குத் தாமே வருத்தப்பட்டு, அலமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து என் இடது கையில் திணித்தார். “சும்மா கொண்டு போ. காசு வேணாம் லா.”

கையை எரித்த எண்ணெய்க்கு ஈடாக அதே எண்ணெயில் இன்னொரு போத்தல்! நான் அதைப் பலகையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். ரயில் பாதை ஓரம் நடந்துகொண்டே அழுதேன். கண்ணைத் துடைக்க ஒரு கைதான் இருந்தது.

அண்ணனின் வக்கீல் ஆபீஸ் பாதி மூடிக் கிடந்தது. வக்கீல் எங்கோ போய்விட்டார். பெரிய குமாஸ்தா மட்டும் தூசிக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நோட்டுப் பக்கத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

“உன் அண்ணன் சரியாத்தான் எழுதியிருக்கான். கேக்கலாம். நல்ல வழக்குதான்.”

“அப்ப மனு எழுதுங்க அங்கிள்.”

“எழுதலாம். கோர்ட்டும் நடக்குது. ஆனா மொதல் கேள்வி என்ன வரும் தெரியுமா? எண்ணெய் எங்க காய்ச்சினது, யார் பெர்மிட் குடுத்தான். பெர்மிட் யாருகிட்ட இருக்கு? ராணுவத்துக்குப் போக வேண்டிய ரப்பர்னு சொல்லுவான் ஜப்பான்காரன். அந்தக் கடைக்காரனை ராத்திரியே கூட்டிட்டுப் போவான். கூட்டிட்டுப் போனா எப்படித் திரும்புவாங்கன்னு உனக்குத் தெரியாதா?” குரலைத் தாழ்த்தினார். “உனக்கு அவன் அடி வாங்கணுமா, இல்ல வாயத் தொறந்து சொல்லணுமா?”

“சொல்லணும்.”

“அதுக்கு இந்தக் கோர்ட்டு உதவாதும்மா.”

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் நோட்டைத் திறக்கவில்லை. உரிமை இருக்கிறது, ஆனால் அதை எடுத்து நீட்டினால் ஒரு மனிதன் செத்துப்போவான். அண்ணன் இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்தேன். அவனுடைய குரல் எப்படி இருக்கும் என்பதே சட்டென்று நினைவுக்கு வரவில்லை. பயந்துபோய், அவன் என்னைக் கூப்பிடுவதுபோல நானே சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். காலி வீட்டில் அது மோசமாக ஒலித்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடி நானா கடைக்குப் போனேன். சண்டைக்கு இல்லை, கேள்வி கேட்க. எனக்கு ஒன்று புரியவில்லை. ஊரெல்லாம் எரிக்கிற எண்ணெய் என்னிடம் மட்டும் ஏன் பாய்ந்தது?

“நானா, உங்க வீட்டுல இந்த எண்ணெயை எப்படி ஊத்துவீங்க?”

“எப்படின்னா? மத்தியானம் வெளக்கைக் கழட்டித் தொடச்சு, ஊத்தி, மூடி போட்டு வெப்பாங்க. மஃரிபுத் தொழுகை நேரத்துக்குக் கொளுத்துவோம்.”

“நடுவுல தீந்து போனா?”

“ஊதி அணைச்சிட்டு ஊத்துவோம். வேற எப்படி?”

“நாங்க அணைக்க மாட்டோம்.”

அவர் கையில் இருந்த புனல் அப்படியே நின்றது. “எரியுறப்பவா?”

“எரியுறப்பத்தான். சாமி வெளக்கை அணைச்சிட்டா எண்ணெய் விடுவாங்க?”

நானா பலகைக்குப் பின்னால் இருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். “யா அல்லா. எரியிற தீயிலயா,” என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அக்கா அடுப்பங்கரைத் தகர விளக்குக்குப் பகலில்தான் எண்ணெய் விடுவாள். அது சாமி விளக்கு இல்லை. அதை ஊதி அணைக்கலாம். ரப்பர் எண்ணெயைச் சாமி விளக்குக்குக் கொண்டுபோன முதல் ஆள் நான். எரியும்போது ஒருவர் ஊற்றுவார் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அணைத்துவிட்டு ஒருவர் ஊற்றுவார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனை வருஷம் ஒரே தெருவில் இருந்திருக்கிறோம்!

“தெரியாது புள்ள. சத்தியமாத் தெரியாது.”

“தெரிஞ்சிருக்கணும் நானா,” என்றேன். அண்ணன் எழுதியதைத்தான் சொன்னேன். ஆனால் கோபம் வரவில்லை. “வரிசையில பாதிப் பேரு சாமி வெளக்கு வெக்கிறவங்க. தேங்காயெண்ணெய் இப்ப யாருகிட்டயும் இல்ல. அடுத்தது யாரு?”

அவர் அலமாரியைப் பார்த்தார். பிறகு எழுந்து, “உங்கப்பா எப்ப வீட்டுல இருப்பாரு?” என்று கேட்டார்.

அப்பாவின் ஓய்வு நாளில், நடு மத்தியானம், நானா வந்தார். வீட்டில் பெண்கள் தலைக்குத் தேய்க்க ஒளித்துவைத்திருந்த தேங்காயெண்ணெயில் கொஞ்சம் கொண்டுவந்தார். “இதுக்கு வீட்டுல நான் என்ன பதில் சொல்லப் போறேனோ,” என்றார். பின்பக்கத் திட்டில் ஒரு சிரட்டையில் தேங்காயெண்ணெய் விட்டுத் திரி போட்டு ஏற்றினேன். நானா நீளக் குச்சியின் நுனியில் கரண்டியைக் கட்டினார். முதலில் தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி விட்டார். சுடர் கொஞ்சம் தணிந்து, மறுபடி நிமிர்ந்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றார். அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“இப்ப இது,” என்று நானா ரப்பர் எண்ணெயைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தார்.

தீ எழும்பிக் குச்சியில் பாதிவரை ஏறியது. நானா குச்சியை எறிந்துவிட்டுப் பின்னால் துள்ளினார். அவர் தாடியின் நுனி கருகிச் சுருண்டது. சிரட்டை கவிழ்ந்து, திரி புல்லில் விழுந்து அவிந்தது. அதே சத்தம். நான் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன், ஒரு காதை மட்டும்.

கரும்புகை போன பிறகு நானா அப்பாவிடம் வந்தார். “அண்ணே, எண்ணெயிலதான் குத்தம். சொல்லாம வித்தது என் குத்தம். உங்க வீட்டு வெளக்குல ஒரு குத்தமும் இல்ல.”

அப்பா இறங்கி வந்து கவிழ்ந்த சிரட்டையைப் புரட்டிப் பார்த்தார். “நம்ம வெளக்கும் சாஞ்சுதான் அவிஞ்சிதா,” என்றார். என்னிடம் கேட்டாரா, தமக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

“சாஞ்சுதான்ப்பா. என் கை தட்டித்தான் சாஞ்சிது.”

அவர் உள்ளே போனார். கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது. விளக்கு மறுபடி படத்துக்கு முன்னால் வந்தது, எண்ணெய் இல்லாமல். ஆணியில் சட்டை வரவில்லை. பெட்டியின் பூட்டு மட்டும் திறந்து தொங்கியது. நான் அதைத் தொடவில்லை. அது அவர் செய்ய வேண்டியது.

நானா போகும்போது, “இனிமே விக்கிறப்ப வாயால சொல்லிடறேன்,” என்றார்.

“வாயால பத்தாது. நீங்க இல்லாதப்ப? கை மாறிப் போறப்ப? சீட்டுக் கட்டணும்.”

“ஆபத்துன்னு கட்டுனா எவன் வாங்குவான்?”

“எரியுற வெளக்குல ஊத்தாதேன்னு கட்டினா எல்லாரும் வாங்குவாங்க.”

அவர் தாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “நான் மட்டும் கட்டி என்ன? கிள்ளான்ல காய்ச்சுறவன் இங்க இருந்து பந்திங் வரைக்கும் அனுப்புறான். நீ அவனைக் கட்ட வெச்சீன்னா, நானும் கட்டுறேன்.”

அன்றே எழுத ஆரம்பித்தேன். தமிழும் மலாயும் நானே எழுதினேன். சீன எழுத்துக்கு சைக்கிள் கடைக்காரரிடம் போனேன். ஜப்பான் எழுத்து வேண்டாம். அவர்கள் படிப்பதற்கான சீட்டு அல்ல இது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் ஒரு படமும் போட்டேன்: எரிகிற விளக்கு, மேலே போத்தல், குறுக்கே ஒரு கோடு. அக்காவிடம் காட்டினேன்.

“வெளக்குக்கு எண்ணெய் விடச் சொல்லுது,” என்றாள்.

“குறுக்க கோடு இருக்கே அக்கா.”

“அது திரி இல்லியா?”

நல்ல வேளை, அவளிடம் முதலில் காட்டினேன். அந்தச் சீட்டு போயிருந்தால் நானே ஊரை எரித்திருப்பேன். இரவெல்லாம் யோசித்து, காலையில் கட்டை அவிழ்த்தேன். வலது கையை மேஜைமேல் வைத்து, இடது கையால் அதைச் சுற்றிப் பென்சிலை ஓட்டினேன், மடங்கிய இரண்டு விரலோடு. அதை அப்படியே சின்னதாக்கி, எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் வரைந்தேன். அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். தன் சாமி விளக்குக்கு ஆகும் என்று முன்பே மாடத்தில் வைத்து அப்படியே விட்டிருந்த மீன் போத்தலை எடுத்து, அடுப்பங்கரையில் கொண்டுபோய் வைத்தாள்.

எழுதத்தான் தாள் இல்லை. அண்ணனின் நோட்டைக் கிழிக்க மனம் வரவில்லை. நேற்று அப்பா வேலை முடிந்து வந்தவர், சட்டைக்குள்ளிருந்து ஒரு கட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். சரக்குப் பெட்டிகளில் கட்டுகிற பழைய அட்டைகள், பின்பக்கம் வெறுமையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் நூல் கோக்க ஓட்டையும் இருந்தது.

“கிள்ளான் வண்டி காலையில ஆறரைக்கு,” என்றார். “வண்டியில கார்டா வர்றவரு நம்ம ஆளுதான். சொல்லி வெச்சிருக்கேன்.”

இதுவரை இருபத்தாறு எழுதியிருக்கிறேன். கையெழுத்து இன்னும் கோணல்தான், ஆனால் படிக்கலாம். கிள்ளானில் காய்ச்சுகிறவர் எப்படிப்பட்டவர், என்னை உள்ளே விடுவாரா, தெரியாது. வாதத்துக்குச் சட்டம் கொண்டுபோகவில்லை. கட்டில்லாத கையோடு போகிறேன். அவர் பலகைமேல் அதை வைத்து, பக்கத்தில் ஒரு சீட்டையும் வைத்து, முதல் போத்தலின் கழுத்தில் நானே கட்டிக் காட்டப் போகிறேன். ஒரு கையால் முடிச்சுப் போட இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன்.